கரண்ட் போகாத நாள்

அறுப்பு வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறியிருந்தேன். உட்கார இடமில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில் ஐம்பது வயதிருக்கும் செல்லூர் விசைத்தறிக்காரர் ஒருவர், தறி இரைச்சலில் பழகிய உரத்த குரலில், மனைவியின் தம்பியிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“கரண்டு போகணும்னு தெனமும் சாமி கும்பிட்டேன் மாப்ள. மொதலாளி ஜெனரேட்டர் வாங்கிட்டாரு.”

“ஊரே கரண்டு இல்லைன்னு அழுகுது. உங்களுக்கு என்ன மச்சான் வந்துச்சு?”

“கரண்டு போனாத்தான தறி நிக்கும்? அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் கிதார் பழகுறது.”

“இந்த வயசுல கிதாரு! வீட்டுல வச்சுப் பழக வேண்டியதுதான?”

“ஒத்த ரூமு. எடுத்தாலே உங்க அக்கா கத்துறா. பொங்கலுக்குள்ள ஒரு பாட்டு முழுசா வாசிக்கலைன்னா வித்துப்புடுவாளாம்.”

“எம்புட்டு வந்திருக்கு?”

“பாதி. தப்பு வந்தா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பேன். அதுக்குள்ள கரண்டு வந்துரும்.”

“அப்ப எங்க அக்கா வித்த மாதிரிதான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலூர் தாண்டியதும் மறுபடி மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“நேத்து எல்லாரும் டீக்குப் போனப்ப, ஓடுற தறிக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன்.”

“அந்த எரைச்சல்லயா? என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கல.”

“பெறகு?”

“தப்பும் கேக்கல மாப்ள. அதான் நிறுத்தாம கடைசி வரைக்கும் வாசிச்சுப்புட்டேன்.”