பத்து நாள் நாய்

எனக்கு எதற்கும் எளிதில் குமட்டாது. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது, செத்த எருமையின் வயிற்றை முதல் முறையாகக் கிழித்துக் காட்டிய அன்றும் விடுதிக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டவன் நான். கூடப் படித்தவர்கள் இரண்டு நாள் மோர்சாதத்தோடு கிடந்தார்கள். ஆகவே, அருவருப்பில் செய்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் அக்கா திரௌபதியின் கணவர் கண்ணாயிரம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எலும்பைச் சப்பிச் சப்பித் தரையில் துப்புவார். அக்கா அதை வெறுங்கையால் பொறுக்குவாள். அதே வாயோடு என் கையை இழுத்து முகர்ந்து பார்ப்பார்.

“மாட்டு டாக்டரே, இன்னிக்கு எந்த மாட்டுக்குப் பின்னால கைய வுட்ட?”

விருந்தாளிகள் இருந்தால் இன்னும் ஜாஸ்தி. என் கையில் சோப்பு வாசனைதான் இருக்கும். அவர் மூச்சுப் பட்ட இடத்தை நான் மறுபடியும் கழுவுவேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மே மாத விடுமுறை. அவர்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்த செவலை நாய் மாமாவின் கெண்டைக்காலைக் கடித்தது. அந்தக் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஊருக்கெல்லாம் மீசை முறுக்குகிறவர், ஊசி என்றால் நடுங்குவார்.

“ஊசி போட்டே ஆவணுமா மச்சான்?”

“நாயக் கட்டிப் போட்டுப் பாக்கலாம் மாமா. பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னா ஊசி வேணாம். நான் பாத்துக்கறேன்.”

அதுவரை நான் சொன்னது படித்ததுதான். கொல்லைக்கோடியில் மோட்டார் கொட்டகையில் நாயைக் கட்டினேன். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது என்றேன். நாலாம் நாள் அதன் கீழ்த்தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூலாக ஒழுகியது. தண்ணீரை விழுங்க முடியவில்லை. வெறிநோய்தான். ஐந்தாம் நாள் காலை செத்துக் கிடந்தது.

அப்போதும் நேரம் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்றதை விழுங்காமலே எச்சில் கையால் என் விரல்களை இழுத்து முகர்ந்தார். அவர் வாயிலிருந்து ஒரு பருக்கை என் கையில் விழுந்து ஒட்டியது. எருமை வயிற்றுக்குக் குமட்டாத எனக்குக் குமட்டியது.

“நாயி எப்டி கீது?”

“நல்லா இருக்குது மாமா.”

திரும்பிப் போய் அதைப் புதைத்தேன். பிறகு சைக்கிளில் வேங்கிக்கால் பக்கம் தேடினேன். புது வீடுகள் கட்டுகிற இடத்தில் அதே செவலை நிறத்தில் ஒரு தெருநாய், பன்னுக்கு வாலாட்டியபடி கூடவே வந்தது. பத்தாம் நாள் அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“கட்டிப் போட்டதுல எளச்சிப்போச்சு, பாவம்” என்றாள் அக்கா.

மாமா எட்ட நின்றே பார்த்துச் சிரித்தார். “நீதாம்பா டாக்டரு” என்றார். மாடு என்ற சொல் இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

ஆடி மாதம், தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறினார். ஆஸ்பத்திரியில் நாய் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். “கடிச்ச நாயி நல்லாத்தான் கீது சார்” என்று அக்கா சத்தியம் செய்திருக்கிறாள். மூன்றாம் நாள் முடிந்தது. கடைசியில் அவர் வாயிலும் எச்சில் நூலாக ஒழுகியதாம். நான் பார்க்கப் போகவில்லை. அதையெல்லாம் என்னால் சகிக்க முடியாது.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். யார் துப்பியதையும் அவள் பொறுக்க வேண்டியதில்லை. அவளுக்காகத்தான் செய்தேன். அந்த நாயையும் நான் தெருவில் விடவில்லை. ஓர் உயிர் என் பொறுப்பில் இருந்தால் அலட்சியமாக இருப்பவன் அல்ல நான். அது சாகும்வரை வருஷம் தவறாமல் அதற்கு வெறிநோய் ஊசி போட்டுவந்தேன்.