கண் வார்டு

பிரசவ வார்டு எனக்குப் பிடிக்காது. சத்தம் அதிகம். கூடப் படித்த பியூலாவும் மற்றவர்களும் அதைத்தான் கேட்டார்கள். பிள்ளையைக் கையில் ஏந்திக் காட்டினால் சேலையோ பழமோ கிடைக்கும். பயிற்சி முடிந்த அன்று நீங்கள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எந்த வார்டு வேண்டும் என்று கேட்டபோது, நான் கண் வார்டு என்றேன். ஏன் என்றீர்கள். அமைதியாக இருக்கும் என்றேன். அது பொய் இல்லை, டாக்டரம்மா. முழுக் காரணத்தை இப்போது கேட்கிறீர்கள். எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். மெட்ரிக்குலேஷன் பாஸ் செய்தேன், நர்ஸ் சர்டிபிகேட்டும் வாங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. என் அப்பா பலவேசம் உயிரோடு இருந்திருந்தால் நானும் களக்காட்டுப் பக்கம் எவன் வயலிலாவது நாற்று நட்டுக்கொண்டிருப்பேன். அவர் செத்ததால்தான் எனக்குப் படிப்பு கிடைத்தது.

எங்கள் ஊர் கிராம முன்சீப் முத்துமாலை. அவர் களத்திலிருந்து நெல் மூட்டைகள் காணாமல் போயின. அவருடைய மருமகன்தான் விற்றான் என்று ஊருக்கே தெரியும். மருமகனைக் காட்டிக்கொடுக்க முடியுமா? கோர்ட்டுக் கச்சேரியில் சாட்சி ஏறி, "பலவேசம் தூக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்" என்றார். அப்பாவுக்கு ஆறு மாதம் போட்டார்கள். மூன்றாம் மாதமே ஜெயிலில் வயிற்றுப்போக்கில் செத்தார். அம்மா என்னை மிஷன் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டாள். சாலோமி ஆனேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பயிற்சியின் கடைசி வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "முன்சீப்புக்கு ஒரு கண்ணு சின்ன வயசுலயே அம்மையில போயிட்டு. மத்ததுலயும் இப்பம் புரை விழுந்து, சுவத்தைத் தடவுதாரு." புரை எடுக்க நம் ஆஸ்பத்திரியை விட்டால் அவர் எங்கே போவார்? காத்திருந்தால் போதும் என்று புரிந்தது.

பதினான்கு மாதம் காத்திருந்தேன். சும்மா இருக்கவில்லை, வேலையை ஒழுங்காகக் கற்றேன். புரை எடுத்தவர் இரண்டு கண்ணும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து, மல்லாந்தே கிடக்க வேண்டும். இருமக் கூடாது, முக்கக் கூடாது. ஒரு தும்மல் போதும், புண் பிளந்து கண்ணே போய்விடும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அதனால் வருகிறவர்களின் மடியிலிருந்து பொடிமட்டையைப் பிடுங்கி வைப்பதுதான் எனக்கு முதல் வேலை. நம் பக்கத்து ஆட்கள் சோறில்லாமல் கிடப்பார்கள், மூக்குப்பொடி இல்லாமல் கிடக்கமாட்டார்கள்.

முன்சீப் வந்தார். நீங்கள் அருமையாக ஆபரேஷன் செய்தீர்கள். கட்டுப் போட்ட பிறகு தண்ணீர் கொண்டுபோனேன்.

"நீ யார் வீட்டுப் பிள்ளட்டி?" என்றார்.

எல்லா நர்ஸிடமும் அப்படித்தான் கேட்பார். பதில் தோதுப்படவில்லை என்றால் தாகத்தோடு கிடப்பார். அவர் சாதியிலிருந்தே வேதத்துக்கு வந்த கிருபைராஜ் வாத்தியார் மகள் என்றேன். குடித்தார். நான்கு நாள் என் கையால் தண்ணீரும் கஞ்சியும் குடித்தார். பதமான கை என்று மெச்சவும் செய்தார்.

இரண்டாம் நாளே பொடி கேட்க ஆரம்பித்தார். மறுத்தேன். நான்காம் நாள் மதியம், வார்டு முழுக்க உண்ட மயக்கத்தில் இருந்தபோது கெஞ்சினார்.

"ஒரு சிட்டிகை தாட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"தாரேன். உங்க ஊர்ப் பலவேசத்தை நெனப்பிருக்கா?"

"எந்தப் பலவேசம்? எங்க ஊர்ல நாலு பலவேசம் கெடக்கான்."

"ஜெயில்ல செத்தவரு."

கொஞ்சம் யோசித்தார். "அப்படி ஒருத்தனா? தெரியலையே. பொடியக் குடு தாயி."

கொடுத்தேன். தாராளமாகவே கொடுத்தேன். அவர் தும்மி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு காதருகே குனிந்து நான் யார் மகள் என்று சொன்னேன். அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. விரலை வாய்க்குள் விட்டு, என் கையால் குடித்ததையெல்லாம் கக்கப் பார்த்தார். கண்ணில் மிச்சமிருந்ததும் அந்த ஓங்கரிப்பில் போயிற்று. கண் கட்டுத் துணியில் பொடிக் கறையைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

அவருக்கு என் அப்பாவை நினைவிருந்திருந்தால் பொடியை ஜன்னல் வழியே கொட்டியிருப்பேன். இதை யார் முன்னாலும் சத்தியம் செய்வேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் இசக்கியம்மாவுக்குப் போன ஆடியில் கண் போனபோது, உங்கள் கைதான் பிசகிவிட்டது என்று நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மா. ஒரு தும்மல் உண்மையிலேயே போதுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாய்ப்பாடமாகப் படித்ததை நம்பி முன்சீப்பிடம் இறங்க முடியாது. அவளுக்குப் பொடிப் பழக்கமே கிடையாது. சளிக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற அன்று என் தாடையைத் தடவி, நல்லா இருப்பே தாயி என்றாள்.

அவளுக்கு நான் அநியாயம் எதுவும் செய்யவில்லை. நன்றாக விசாரித்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்கு இன்னொரு கண் இருந்தது.