ஜி டிரைவ் ஞானையா

அந்த டார்ச்சை அணையுங்கள்... கிட்ட வாருங்கள். இது என் மச்சான் ஸ்ரீரங்கன் போனில் கேட்டது.

ஞாயிறு, உச்சி வெயில். திருமுடிவாக்கம் எஸ்டேட் சாலையில் ஈ காக்கை இல்லை. அங்கே ஒரு பட்டறை. அதன் கம்ப்யூட்டர்களுக்கு ஸ்ரீரங்கன்தான் வைத்தியர். மெஷினில் வெட்டும் பாகங்களுக்குப் படம் வரையும் ஃபிரெடி உள்ளே தனியாக இருந்தான். அன்றைக்குள் படம் மெஷினுக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். கைக்குழந்தைக்காரன் வேறு... பாவம்.

பென்டிரைவைச் செருகினான். 'டிங்' என்றது. திரையில் ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கனுக்குப் போன் போட்டான்.

"உன் பென்டிரைவ் ஜி எழுத்தைக் கேக்குது, அதுல ஏற்கெனவே ஒரு டிரைவ் இருக்குப்பா. பஸ் சீட்ல துண்டு போட்ட மாதிரி. உன்னுதுக்கு வேற எழுத்து குடு."

அந்தப் பட்டறையில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் மற்றவர் திரையில் ஒரு டிரைவாகத் தெரியும்; பெயரின் முதல் ஆங்கில எழுத்துதான் அதன் எழுத்து. ஜி, அங்கே வேலை பார்த்த பெரியவர் ஞானையாவுடையது. அவர் இறந்து மூன்று மாதம். அவர் கம்ப்யூட்டரும் காயலாங்கடைக்குப் போயாகிவிட்டது.

"செத்தவருக்கு இன்னாத்துக்குண்ணா எழுத்து? தூக்கிடறேன்," என்றான் ஃபிரெடி. அவசரம், எரிச்சல்.

திரையில் வந்ததை வாசித்தான். "ஜி டிரைவில் ஃபைல்கள் திறந்திருக்கின்றன. துண்டிக்கவா?"

இல்லாத கம்ப்யூட்டரில் யார் ஃபைலைத் திறந்து வைத்திருப்பது?

"ஃபிரெடி, வேணாம்..."

மவுஸ் 'டிக்' என்றது.

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. "அண்ணா... கோடாலித் தைலம் வாசனை... அவர் தடவுவாரே..." என்றான் ஃபிரெடி. அவனுக்குப் பக்கத்தில் ஒரு வயதான குரல், கோபமே இல்லாமல் கேட்டது.

"அப்போ நான் எங்கப்பா போறது?"

எழுத்து காலியானதும் பென்டிரைவ் திறந்தது; படம் மெஷினுக்குப் போய்விட்டது. ஃபிரெடி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினான். ஸ்ரீரங்கனுக்கு லைனைத் துண்டிக்கப் பயம். ஃபிரெடியின் வீடு இருக்கும் கோவிலம்பாக்கம் வரை கேட்டுக்கொண்டே இருந்தான். காலிங் பெல். கதவு திறக்கும் சத்தம். ஃபிரெடியின் மனைவி ஈவ்லின்.

"யாருங்க வேணும்?"

"ஏய், விளையாடாத ஈவ்லின்... நான்தான்!"

வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"யாரா இருந்தாலும் அனுப்பிடும்மா. பாப்பா இப்பதான் தூங்குறா. அந்தக் கோடாலித் தைலத்தை எடுத்துட்டு வா."

அது ஃபிரெடியின் குரல். போனில் ஃபிரெடி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.