வாசலில் நாற்காலி போட்ட சாராள் அம்மையாருக்கு

அன்பும் அறிவும் அணிகலனாய் அமைந்த ஆசிரியப் பெருந்தகையே! வேதியியலை வெறும் வாய்பாடாய் வைக்காமல் வீட்டு அடுப்படி வரை கொண்டுசென்று விளக்கிய வித்தகரே! முப்பத்தோராண்டுப் பணியில் பத்தொன்பது ஆண்டுகளை இந்தக் கடற்கரைப் பள்ளிக்கே கொடுத்த கொடையாளரே! இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் முதுகலை ஆசிரியை, திருமதி சாராள் அம்மையாரே! உங்களுக்கு நம் மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் சேர்ந்து சொல்லும் பணிவார்ந்த வணக்கம்.

இப்படித் தொடங்குவதுதான் மரபு. தமிழாசிரியன் என்பதால் இந்த மடலை எழுதும் வேலை கிருபாகரனாகிய என் தலையில் விழுந்தது. இன்னும் பதினாறு விளிகள் எழுதி வைத்திருந்தேன். எதுகையும் மோனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அடித்ததற்கான காரணம் இந்த மடலின் நடுவிலேயே வரும், அது எங்களுக்குப் பெருமை தரும் காரணம் அல்ல. எழுதி முடித்ததை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். இதையா சட்டம் போட்டு மாட்டுவது என்று ஒருவர் கேட்டார். ஆனால் ஒரு வரியையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அம்மையீர், நீங்கள் செங்கல்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர். பள்ளிப் படிப்பு முடிந்ததென்று ஒரு சான்றிதழ் கைக்கு வரவேண்டுமானால் என்னென்ன சேர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இருந்ததில்லை. விழுந்து எழுந்துதான் தெரிந்துகொண்டீர்கள். அதனால்தான் இங்கே வந்த முதல் ஆண்டிலேயே, பிளஸ் ஒன் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஒன்றாகக் கூட்டி வைத்துப் பேச ஆரம்பித்தீர்கள். ஜூன் கூட்டம் என்று ஊரே அதற்குப் பெயர் வைத்தது.

அந்தக் கூட்டம் எங்களுக்குத் தொல்லையாக இருந்தது என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறோம். சித்தாள் வேலைக்கும் ரிசார்ட் வேலைக்கும் போன தாய்மார்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் ஆறு மணிக்குத்தான் அதை வைப்பீர்கள். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேசைமேல் உங்கள் நாலு அடுக்கு சாப்பாட்டுக் கேரியர் இருக்கும். ஓர் அடுக்கு வருகைப்பதிவு, ஓர் அடுக்கு செய்முறைத் தேர்வு, ஓர் அடுக்கு பிளஸ் ஒன் பாடங்கள், ஓர் அடுக்கு பிளஸ் டூ பாடங்கள். நடுவில் ஒன்றை உருவி எடுத்துவிட்டு, யாராவது ஓர் அப்பாவை அழைத்து, கொக்கியைப் போட்டுத் தூக்கச் சொல்வீர்கள். கொக்கி மாட்டாது. மூடியும் கிண்ணமும் தனித்தனியாக ஆடும். "எத்தினி அடுக்குல சோறு இருந்தாலும் ஒண்ணு கொறஞ்சா இது கேரியர் இல்ல. சான்றிதழும் அப்படித்தான்" என்பீர்கள்.

முதலில் அது மூன்றடுக்குக் கேரியராகத்தான் இருந்தது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது கடைக்குப் போய் நாலடுக்கு வாங்கி வந்தீர்கள். பழைய காலத்தில் படித்த அப்பாக்களுக்கு பிளஸ் ஒன் என்றால் ஓராண்டு ஓய்வு, அந்த மதிப்பெண் எங்கும் கணக்கில் வராது என்ற நினைப்பு. அந்த நினைப்பை உடைக்க உங்களுக்கு அந்த நாலாவது அடுக்கு தேவைப்பட்டது.

பேசி முடித்ததும் நீங்கள் செய்வதுதான் வேறெந்தப் பள்ளியிலும் நாங்கள் காணாதது. கூடத்தின் ஒரே வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். பெற்றவர் ஒவ்வொருவரும் கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் வழி. கையெழுத்து உங்களுக்குப் போதாது. கோவளத்தில் மீன் விற்கும் ஜாக்குலின் அம்மா ஒருமுறை கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னது எங்களுக்கு இன்னும் மனப்பாடம்: "முக்காவாசி நாளு வந்தே ஆவணும். செய்முறை அன்னிக்கு சாவு வூடானாலும் புள்ளைய அனுப்பிடணும். எல்லாத்துலயும் தனித்தனியா முப்பத்தஞ்சு. பிளஸ் ஒன்ல ஒண்ணு பூட்டா அது தானா சரியாவாது, மறுபடி எழுதணும். போதுமா டீச்சரு, ஐஸு கரையிது." நீங்கள் நாற்காலியை நகர்த்தி, எல்லோருக்கும் சொல்லும் அதே சொல்லை அவருக்கும் சொன்னீர்கள்: "சரி, வூட்டுக்குப் போங்க."

நம் பள்ளியில் தோற்ற பிள்ளைகள் உண்டு. ஆனால் எதில் தோற்றோம், இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்ற பிள்ளை 2022 வரை ஒருவர்கூட இல்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் உங்கள் கணவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள், வந்துவிடுகிறேன் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். தள்ளி வைப்பானேன், அச்சடித்துக் கொடுத்தால் போயிற்று என்று நாங்கள் முடிவு செய்தோம். உண்மையைச் சொன்னால், ஆறு மணி வரை உட்கார வேண்டியதில்லையே என்று எங்களுக்கு மகிழ்ச்சி. விதிகளை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு பக்கம், பதினோரு கூறுகள், செம்மாந்த நடையில் எழுதினேன். ஏழாவது கூறு இது: "மேல்நிலை முதலாமாண்டில் தேர்ச்சியுறாதோரும் இரண்டாமாண்டில் தொடர்ந்து பயில இசைவளிக்கப்படும், எனினும் நிலுவைப் பாடங்களில் தேர்ச்சியுற்ற பின்னரே சான்றிதழ் வழங்கப்பெறும்." பெற்றோர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தோம். ஒரு கையெழுத்தும் விடுபடவில்லை என்பதில் எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

விடுப்பு முடிந்து வந்து அந்தத் தாளைப் படித்தீர்கள். "அழகா இருக்கு சார். யாருக்கு எழுதினீங்க?" என்று கேட்டீர்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கூட்டத்தை இப்போதாவது வைக்கலாமே என்றீர்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எதற்கு என்றோம். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து களைத்திருந்தீர்கள். எங்கள் பேச்சை நம்பினீர்கள்.

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் எல்லப்பனின் மகள் ரேணுகா அந்த ஆண்டுதான் சேர்ந்தாள். பிளஸ் ஒன் இயற்பியலில் மட்டும் தேர்ச்சி பெறவில்லை. பிளஸ் டூ வகுப்பில் உட்கார வைத்தோம். வகுப்பில் உட்கார வைத்ததால் பிளஸ் ஒன் முடிந்துவிட்டது என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். பிளஸ் டூ தேர்வுகளுக்கு நடுவே அவளுடைய பழைய இயற்பியல் தேர்வு வந்தது. அன்று வீட்டில் அதை லீவு நாள் என்று எண்ணி, அக்காவின் வளைகாப்புக்கு அவளைப் புதுப்பட்டினம் அழைத்துப் போய்விட்டார்கள். தொலைபேசியில் நாங்கள் கேட்டதற்கு எல்லப்பன், "புள்ள பிளஸ் டூவே எழுதிகினு கீது, பிளஸ் ஒன்ன ஏன் சார் தோண்டுறீங்க" என்றார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்தப் பிறகு வரவில்லை. அந்த வேளையில் நீங்கள் வேறொரு பள்ளியில் தேர்வுப் பணியில் இருந்தீர்கள்.

மே மாதம் முடிவு வந்தது. பிளஸ் டூவில் 463. ரேணுகாவின் தாய் வேண்டா அம்மா ஆசிரியர் அறைக்கே லட்டு கொண்டுவந்து கொடுத்தார். செவிலியர் படிப்பில் இடமும் கிடைத்தது. சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளும் அதற்குள் தாண்டியிருந்தது. எல்லப்பன் நேரே இங்கே வந்தார். ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தோடு மடித்து வைத்திருந்த என் தாளை மேசைமேல் விரித்தார். "தொடர்ந்து படிக்கலாம்னு போட்டு கீது. படிச்சாச்சு. அதுக்கு அப்பால இன்னா எழுதி கீதுன்னு எனக்குப் புரியல சார். நாலு பேராண்ட காட்டினேன், அவங்களுக்கும் புரியல." தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது. நான் வெட்கப்பட்டேன். இன்றும் வெட்கப்படுகிறேன்.

எங்கள் யாரையும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் கூட்டம் வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள். ரேணுகா முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், பணியாளர் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தீர்கள். இயற்பியல் உங்கள் பாடம்கூட இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பாடநூலை இரவல் வாங்கிப் படித்தீர்கள். பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் அவள் உட்காருவாள். சில வாரம் பார்க்காததுபோல் போய்விடுவாள். மாநிலத்தில் எங்கும் இப்போது பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இல்லை. பழைய அரியர் உள்ளவர்களுக்காக மட்டும் இன்னும் சில ஆண்டுகள் நடக்கும். கூடப் படித்தவர்களெல்லாம் மறந்துவிட்ட தேர்வு அது.

சென்ற மார்ச்சில் அவள் பெயரில் ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு மையத்தின் வாசலில் எட்டரை மணிக்கே போய் நின்றீர்கள். பத்து மணிக்கு மணி அடித்தது, பத்தேகாலுக்குக் கதவைச் சாத்தினார்கள். அவள் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் சொன்னதை நீங்கள் எங்களிடம் அப்படியே சொன்னீர்கள்: "நீங்க வந்து நிக்கிறத பாத்தா எனக்கு அழுகதான் வருது டீச்சர். இனிமே வராதீங்க. நா பாத்துக்கிறேன்."

போன வாரம் நடந்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீங்கள் ஆய்வகச் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தீர்கள். வேண்டா அம்மா வேலைக்குப் போகும் வழியில் வந்தார். கூடத்தின் வாசலில், நீங்கள் எப்போதும் நாற்காலி போடும் இடத்தில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "முக்காவாசி நாளு வரணும். செய்முறைக்கு அனுப்பணும். எல்லாத்துலயும் முப்பத்தஞ்சு. பிளஸ் ஒன்ல ஒண்ணு பூட்டா அது தானா சரியாவாது. ஜாக்குலினு சொல்லிக் குடுத்தா. கரீட்டா சொல்றனா டீச்சர்?" நான்கு ஆண்டு தாமதமாக அந்தப் பதில் வந்தது. நீங்கள் சரி என்று சொல்லவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஆசிரியர் அறைக்குள் போய்விட்டேன்.

அம்மையீர், பொன்னாடையும் மோதிரமும் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டீர்கள். நல்ல உடல்நலத்தோடும், உங்கள் கணவரோடும் பிள்ளைகளோடும், சனிக்கிழமைகளில் எங்கும் போய் நிற்க வேண்டியிராத மனநிம்மதியோடும் நீங்கள் நூறாண்டு வாழ வேண்டுகிறோம். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் கேரியரை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அது பள்ளிக்கு வேண்டும்.

விடைபெறும் முன் எங்களையும் அந்த வாசலில் நிற்க விடுங்கள். திருப்பிச் சொல்கிறோம். ஜூன் கூட்டம் ஆறு மணிக்கு. தாள் கிடையாது, பேச்சுதான். விதி மாறிவிட்டால் மாறியதைச் சொல்வோம். வாசலில் நாற்காலி போட்டுக் கிருபாகரன் உட்காருவான், கடைசித் தாய் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டான். எந்த வீட்டிலிருந்து யாரும் கூட்டத்துக்கு வரவில்லையோ, அந்த வீட்டுக்கு நாங்கள் போவோம். ஜூலைத் துணைத்தேர்வுக்கு ரேணுகாவின் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டோம். அவளுடைய அப்பா ஒப்புக்கொண்டார், அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வன்று காலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டெதிரே எல்லப்பனின் ஆட்டோவில் நாங்கள் காத்திருப்போம். அவள் வராவிட்டால் அடுத்த தேர்வுக்கும் காத்திருப்போம்.

நாங்கள் சொன்னது சரியா என்று நீங்கள் இன்று சொல்ல வேண்டாம். அந்தப் பெண் தேர்வறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள், வீட்டுக்குப் போகிறோம்.

என்றும் உங்கள் அன்பிற்கும் மன்னிப்பிற்கும் காத்திருக்கும்,
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலர்கள்.
மடல் எழுதியவர்: தமிழாசிரியர் கிருபாகரன்
மே, 2026