பதினாலாவது ஆள்

டோரீன்: கீத், அந்த ஸ்பேனரைக் கீழ வை. இந்தக் கறுப்புக் கோட்டைப் போடு.

கீத்: எதுக்கு? ரூமைச் சூடாக்கற இந்த ரேடியேட்டர் இன்னும் டமடமன்னு அடிச்சுக்கிட்டு…

டோரீன்: அடிக்கட்டும். ரயில் ஸ்டேஷனோட சேத்து இந்த ஹோட்டலைக் கட்டின காலத்துலேர்ந்து அது அப்படித்தான். மேல விருந்துக்குப் பதினாலு பேர்னு சொன்னாங்க, பதிமூணு பேர்தான் வந்திருக்காங்க. ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க.

கீத்: பதிமூணு பேரா உக்காந்தா முதல்ல எந்திரிக்கிறவன் வருஷத்துக்குள்ள செத்துப் போயிடுவான்னு… இன்னுமா நம்பறாங்க இதை!

டோரீன்: நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? விக்டோரியா ராணி நாள்லேர்ந்து இந்த ஹோட்டல்ல அதுதான் வழக்கம். ஆள் குறைஞ்சா நம்மாளு ஒருத்தர் போய் உக்காரணும். பேசக்கூட வேண்டாம், சும்மா சிரி.

கீத்: லிஃப்ட் ஓட்டற ஆர்னல்டைக் கூப்பிடு.

டோரீன்: அவனா? போன தடவை ஒரு கல்யாண விருந்துல உக்கார வச்சா, நாலு கிளாஸ் ஒயினைக் குடிச்சுட்டு, பொண்ணோட மாமா மாதிரி எந்திரிச்சு வாழ்த்துரை குடுத்துட்டான்!

கீத்: வேற யாராவது…

டோரீன்: எல்லாரும் பரிமாறிக்கிட்டிருக்காங்க. நீதான் சும்மா இருக்கே.

கீத்: சும்மாவா? முழங்கை வரைக்கும் துருத்தண்ணி, பாரு!

டோரீன்: கழுவிக்க. வறுத்த மாட்டிறைச்சி, யார்க்‌ஷைர் புட்டிங்… ஆறிப்போகுதுப்பா.

கீத்: நான் வரல.

டோரீன்: யாரோ ஒரு அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். உனக்கென்ன வந்தது?

கீத்: நீலத் தொப்பி போட்ட அம்மாதானே?

டோரீன்: …பாத்தியா?

கீத்: பாத்ததும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பிராட்ஃபர்ட்ல எத்தனையோ ஹோட்டல் இருக்கு. நடு ஊர்ல நான் வேலை பாக்கற இடம்தானா கிடைச்சுது?

டோரீன்: தெரிஞ்சவங்களா?

கீத்: என்னைப் பெத்த அம்மா.

டோரீன்: ஓ…

கீத்: அப்பா வளர்த்த பந்தயப் புறா எல்லாத்தையும், அவரைப் புதைச்ச வாரமே வித்துட்டேன். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இறகு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

டோரீன்: அதை அவங்ககிட்ட சொன்னியா?

கீத்: எங்க சொல்ல விட்டாங்க? ‘இனி என் வாசப்படி மிதிக்காதே’ன்னாங்க. மிதிக்கல. அவ்வளவுதான்.

டோரீன்: வருத்தமா இல்ல?

கீத்: இல்லாம என்ன… ஒவ்வொரு பிறந்தநாளைக்கும் அவங்க தெரு முனை வரைக்கும் போவேன். அப்புறம் திரும்பிடுவேன். இப்ப நான் போய் உக்காந்தா விருந்தே நாறிப்போகும். எண்பது வயசுல அவங்களை எந்திரிச்சுப் போக வைக்கச் சொல்றியா?

டோரீன்: அவங்க பிடிவாதக்காரங்களா?

கீத்: சொன்ன சொல்லை வாபஸ் வாங்கினதா சரித்திரமே இல்ல.

டோரீன்: இப்பவும் வாங்கலப்பா. அதான் அவங்களே உன் வாசலுக்கு வந்திருக்காங்க. பதிமூணுன்னு நான் சொன்னது பொய். பதினாலு பேரும் வந்து உக்காந்தாச்சு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி, பக்கத்துல ஒரு நாற்காலி போட வச்சிருக்காங்க. கையைக் கழுவு.