அந்த அறையில் ஒரு குழந்தை இருந்தது

...அதெப்படிக்கா, கொலை நடந்த ரூம்ல இருந்த குழந்தையை இல்லேன்னு சொல்லுவாங்க? நாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன், படமெல்லாம் வரைஞ்சு! செவப்பு மையில ஒரு கோட்டை இழுத்துத் திருப்பிக் குடுத்துட்டார் எங்க புரொபசர்.

இருங்க, பயந்துடாதீங்க. நெஜக் கொலை இல்ல. நான் எதிர்வீடு. நீங்க குடி வந்து நாலு நாளாச்சு, வந்து பேசணும் பேசணும்னு... குட்டியை ரெண்டு மணி நேரம் பாத்துக்க முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். இந்தாங்க, பிடிங்க. அழமாட்டா. நான் தடயவியல் படிக்கறேன்க்கா, மேல்படிப்பு. கொலை நடந்த எடத்துல தூசி தும்பு பொறுக்கற படிப்பு. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், "வீட்ல ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டா, ஊர்ல எவனோ செத்த எடத்துல போய்ப் பொறுக்குவா"ன்னு. சொல்லிட்டுப் போகட்டும்!

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ரூமைப் பூட்டி வச்சிருக்காங்க. பாடத்துக்காக அதுக்குள்ள ஒரு பொய்க் கொலை. ஒரு சோபா, ஒடஞ்ச டம்ளர், குப்புறக் கெடக்கற துணிக்கடைப் பொம்மை. பொம்மைக்கு எடது கை கெடையாது, எப்பவோ கழண்டு போச்சு. மொத வருஷப் பசங்க, கொலைகாரன்தான் கையை எடுத்துட்டுப் போனான்னு எழுதிடுவாங்க! நான் அப்படியெல்லாம் ஏமாறுற ஆளு இல்ல.

ஒருத்தர் ஒருத்தரா உள்ள போய்த் தடயம் எடுக்கணும். நான் சோபா மேல டேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சேன். முடிக்கா! மூணே மூணு முடி. பஞ்சு மாதிரி. உங்க முடி, எம் முடியெல்லாம் கத்திரி பட்டது, நுனி மொட்டையா இருக்கும். பொறந்ததுலேர்ந்து கத்திரியே படாத முடிதான் ஊசியாட்டம் கூம்பியிருக்கும். இது ஊசியாட்டம் இருக்கு. அப்ப அது யாரு? கைக்குழந்தை! பக்கத்துல பவுடர் வேற. எச்சில் ஊறின பிஸ்கட் துணுக்கு வேற.

கீழ அப்பன் செத்துக் கெடக்கான், சோபால குழந்தை இருந்திருக்கு, இப்ப இல்ல. யார் தூக்கிட்டுப் போனது? பால் குடிச்சுதா? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலக்கா. பொம்மைதான்னு தெரியும்... தெரிஞ்சு என்ன பண்ண? இவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு நெனப்பு வருது. வாசக் கதவை மூணு தரம் இழுத்துப் பாக்கறேன்.

புரொபசர் என்ன சொல்றார் தெரியுமா? "நான் பண்ணின கொலைம்மா, எனக்குத் தெரியாதா? அதுல குழந்தையே கெடையாது!" சரி, அப்ப முடி எங்கேர்ந்து வந்துச்சு? பூட்டின ரூம். சாவி யார்கிட்ட? அட்டெண்டர்கிட்ட. சாவிக்காரர்னுதான் நாங்க கூப்பிடுவோம். அவருக்கு எட்டு மாசத்துல ஒரு பேத்தி! போதாதா? தூக்கிட்டு வந்து சோபால வெளையாட விட்டிருக்கார். துறைத்தலைவி அம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டுட்டேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு விசாரணை.

வேலை போனாலும் போயிடும்... ரிட்டயர் ஆக அஞ்சே மாசம். பாவம்தான். அதுக்காக? இந்த ரிப்போர்ட் பெயிலானா எனக்கு ஒரு வருஷம் போச்சே!

நல்ல மனுஷன்தான். அன்னிக்குக்கூட வாசல்ல நின்னு, "லேப் கோட்டை மாத்திக்கம்மா, உள்ள தொவச்ச கோட்டு இருக்கு"ன்னார். அது எனக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்கும்! நான் வீட்லேர்ந்தே இந்தக் கோட்டைப் போட்டுட்டுத்தான் கெளம்பறது. காலைல நேரம் எங்க இருக்கு? கோட்டோடயே இவளுக்கு ஊட்டி, கோட்டோடயே தோள்ல போட்டுத் தட்டி...

என்னக்கா? தோள்லயா? நூலா இருக்கும், தட்டி விடுங்க. அட, கைல எடுத்துட்டீங்களா... குடுங்க. இப்படி வெளிச்சத்துக்கு வாங்க.

...

அக்கா.

இவளுக்கு நான் இன்னும் முடி வெட்டினதே இல்ல.

அப்படிப் பாக்காதீங்க. இவ்வளவு நேரம் மரமாட்டம் நிக்கறீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல! அப்ப அந்தக் குழந்தை... ஐயோ, அது இவதானா? யாரும் தூக்கிட்டுப் போகலையா? பாலெல்லாம் குடிச்சுட்டு இங்கதான் இருக்காளா! கன்னத்தைக் குடுடி தங்கம்! மூணு நாளா அம்மாவை என்ன பாடு படுத்திட்ட நீ!

ஹும்... சந்தோஷப்படற நேரமா இது? அந்த மனுஷன் இந்நேரம் சட்டையை இஸ்திரி போட்டுட்டு விசாரணைக்குக் கெளம்பியிருப்பார்.

ஒண்ணு சொல்லட்டா? ஒரு முடிதானே. ஊதிட்டா பறந்துடும். யாருக்குத் தெரியப் போகுது... நீங்க பாத்துட்டீங்க. ஆமா, நீங்க பாத்துட்டீங்க.

குடுங்கக்கா குட்டியை. வேணாம், நானே தூக்கிட்டுப் போறேன். குழந்தை எங்கேன்னு நாலு பக்கம் கேட்டது நான்தானே? நானே கொண்டு போய்க் காட்டறேன். பெயிலானா ஆகட்டும், இன்னொரு தரம் அந்த ஒத்தக் கையனைப் போய்ப் பாத்துட்டு வரேன்.

அட, கைல பூட்டோட நிக்கறீங்க, வெளிய கெளம்பிட்டிருந்தீங்களா? சரி சரி, போங்க.

போனதும் மொத வேலையா இவளைச் சாவிக்காரர் கைலதான் குடுக்கப் போறேன். மன்னிப்பெல்லாம் அதுக்கப்புறம் கேட்டுக்கறேன். குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒருத்தர் எப்படிக்கா நம்மளைச் சத்தமாத் திட்ட முடியும்?