முன்னால் முப்பது, பின்னால் இருபத்தாறு

மொரிஸ் மைனர் காரின் முன் டயருக்கு இருபத்திரண்டு பவுண்டு காற்றுப் போதும் என்று கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை எழுதியவன் நல்ல ரோட்டில், விருந்துக்குப் போகிற வேகத்தில் போகிறவனாக இருக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்துத் தடவை ஒடித்துத் திருப்புகிற காருக்கு அது ஆகாது. முன்னால் முப்பது, பின்னால் இருபத்தாறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஐயா, நான் காற்றைப் பற்றிப் பேச வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் லெட்சுமி என்ற பெண் பிரசவத்தில் இறந்தாள். நீங்கள்தான் மரண விசாரணை செய்தீர்கள். நானும் சாட்சி சொன்னேன். பெயர் சூசைரட்ணம், தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரையின் டிரைவர். அன்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கேட்காததையும் சொல்லிவிடலாம் என்று இன்று காலை பஸ்ஸில் வந்தேன். முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைமாருடைய கிளப் மைதானத்தில் கார்ப் போட்டி நடக்கும். பத்துக் கார் முட்டிக்கொண்டு ஓடுகிற போட்டி இல்லை. புல்வெளியில் தார் பீப்பாய்களை நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓடி வர வேண்டும். எவனுக்குக் குறைந்த நேரமோ அவனுக்குக் கோப்பை. பீப்பாயில் உரசினால் ஐந்து செக்கன் கூட்டுவார்கள். அன்றாடம் ரோட்டில் ஓடுகிற கார்தான் வர வேண்டும் என்பது ஒரு விதி. கிளப் மெம்பர்தான் ஓட்ட வேண்டும் என்பது இன்னொரு விதி.

இரண்டாவது விதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சின்னத்துரை நல்ல மனிதர், வெள்ளைக்காரர், என்னை விட எட்டு வயது இளையவர். கார் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான். பிரேக்கைக் கடைசி நேரத்தில் மிதிப்பார். ஸ்டியரிங்கை மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலை அரைக்கிற ஸ்டோர் முற்றத்தில் எண்ணெய் பீப்பாய்களை வைத்துப் பழகுவோம். அவர் ஐம்பத்து மூன்று செக்கனில் வருவார். அவர் பங்களாவுக்குப் போன பிறகு நான் ஒரு சுற்று ஓடிப் பார்ப்பேன். நாற்பத்தெட்டு. ஸ்டோரில் வேலை செய்கிற கந்தப்பன்தான் பீப்பாய் தூக்கி வைப்பான், கடிகாரமும் பிடிப்பான். "அண்ணே, நீங்க ஓட்டுனா கப்ப தட்டுல வச்சுக் குடுத்துருவானுங்க" என்பான். எனக்கு வயிறு எரியும்.

ஓட்ட விடாவிட்டால் போகட்டும், காரைச் செய்து கொடுப்பது என் கையில் இருந்தது. அவர் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் ஜெயிக்கிற மாதிரி ஒரு கார். அதுதான் என் எண்ணம். டயரின் ஓரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு ஓட விடுவேன். கோடு எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறதோ அதைப் பார்த்துக் காற்றைக் கூட்டுவேன், குறைப்பேன். ஷாக் அப்சோர்பரில் இருந்த தண்ணி எண்ணெயை எடுத்துவிட்டுக் கெட்டி எண்ணெய் ஊற்றினேன். முன் பக்கத்தை ஒரு அங்குலம் இறக்கினேன். நான்கு சக்கரத்துக்கும் நூல் பிடித்து, முன் சக்கரம் இரண்டும் எவ்வளவு உள்ளே பார்க்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் பார்க்கும்படி வைத்தேன். பின் சீட், மாற்றுச் சக்கரம், ஜாக்கி எல்லாவற்றையும் கழற்றி வைத்தால் காருக்கே மூச்சு வரும். இதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். பூவைப் பறிக்கிற மாதிரி ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், வளைந்துவிடும்.

ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். லொறி வெளியே போயிருந்தால், ஆசுபத்திரிக்குப் போக வேண்டிய ஆளைச் சின்னத்துரையின் காரில் கொண்டு போகலாம். தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர் ஐயா ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் நான் எடுக்க வேண்டும். பெரிய துரை போட்ட உத்தரவு. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேரைக் கொண்டு போயிருக்கிறேன். வாந்தி கழுவியிருக்கிறேன், இரத்தம் கழுவியிருக்கிறேன்.

முதல் வருடம், போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை துண்டு வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளை, கூட நான்கு பேர். ஆள் ஏற்றாதீர்கள் என்றால் கேட்கிறார்களா? வழியில் பின் ஸ்பிரிங் வில்லில் ஒரு தகடு முறிந்தது. அந்த வருடம் காரே போகவில்லை. இரண்டாம் வருடம் சனிக்கிழமை துண்டு வந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் பட்ட ஆள். திரும்பி வரும்போது சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி, நான் நூல் பிடித்து வைத்தது கால் அங்குலம் விலகிவிட்டது. சரி செய்ய நேரமில்லை. மறுநாள் அரை செக்கனில் தோற்றோம். கால் அங்குலம், அரை செக்கன். கத்தி பட்டவன் பத்து நாளில் மலைக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு ஒரு வருடம் போனது. இதை யாரிடம் சொல்ல?

மூன்றாம் வருடம் நான் சின்னத்துரையிடம் நேராகவே கேட்டேன். இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் துண்டு வந்தால் இல்லை என்று சொல்லலாமா என்று. அவர் சிரித்தார். "வேணாம் சூசை. ஆள் பெருசு, கார் சின்னது. துண்டு வந்தா குடு" என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். ஆகையால் அவர் மேல் இதில் ஒரு பழியும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் மைதானத்தைப் பார்க்க இன்னொரு துரையோடு போய்விட்டார். பெரிய துரை கொழும்பில். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. புதன்கிழமை அடித்த காற்றில் டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது. நான் காலையில் இருந்து நூலும் கையுமாக இருந்தேன். இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. ஐயா, மூன்று வருடத்தில் அந்தக் கார் அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை. சுற்றி வந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூன்று மணிக்குக் கந்தப்பன் ஓடி வருவது தெரிந்தது. கையில் வெள்ளைத் துண்டு. அவன் பெண்சாதி லெட்சுமிக்கு நிறைமாதம் என்று எனக்குத் தெரியும். அவன் மேட்டு வளைவைச் சுற்றி வர இரண்டு நிமிடம் ஆகும். நான் பொனட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் எந்தக் காரும் ஓடாது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது.

"அண்ணே, லெச்சுமிக்கு முடியலண்ணே. புள்ள குறுக்க கெடக்குதாம். மீனம்மாக்கா கையால ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. வண்டிய எடுங்கண்ணே."

மீனம்மா எங்கள் தோட்டத்து மருத்துவச்சி. கை ராசியான பொம்பளை. நான் சாவியைத் திருப்பிக் காட்டினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. காலையில் இருந்தே இப்படித்தான், கோளாறு பிடிபடவில்லை என்றேன். கந்தப்பன் நம்பினான். என்னை அவன் எப்போதும் நம்புவான். பிறகு அவனே கைப்பிடியை எடுத்து முன்னால் செருகிச் சுற்ற ஆரம்பித்தான். பலசாலி. இருபது தடவை இருக்கும். கை தோலுரிந்து இரத்தம் வந்தது. நான் உள்ளே உட்கார்ந்து, "இன்னொரு தடவ சுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் சந்தேகப்படுவான் அல்லவா. கடைசியில் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு, "விடுங்கண்ணே, நீங்க என்னா செய்வீங்க" என்றான். துண்டின் பின்னால் 'கார் ஸ்டார்ட் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டாக்டர் ஐயாவிடம் கொடுக்கச் சொன்னேன். துண்டுக்குப் பதில் எழுதாமல் விடக்கூடாது.

இதை நான் கல் நெஞ்சோடு செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தலைப் பிள்ளை, எப்படியும் விடியும் வரை இழுக்கும், லொறி ஆறு மணிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் காத்திருந்திருக்கலாம். ஆனால் டாக்டர் ஐயா பயந்துவிட்டார். கம்பளியை மூங்கிலில் கட்டி, அவளை அதில் போட்டு, குறுக்குப் பாதையில் மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போய் ஏதாவது வண்டியை மறிக்கச் சொன்னார்.

மூங்கிலின் முன் முனையைத் தூக்கியது நான்தான். இதை விசாரணையில் கந்தப்பனே சொன்னான். நீங்களும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். மற்றவர்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் தோளே மாற்றவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கவ்வாத்து மலையில் பாதை வழுக்கியது. லெட்சுமி முதலில் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு, "சூச அண்ணே, மெதுவா போங்கண்ணே, குலுங்குது" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது ஐந்தேகால் மணி. மீனம்மா கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டு, இறக்கி வையுங்கள் என்றாள். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. கந்தப்பன் ரோட்டில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் நான் மனிதனில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளை குறுக்கே கிடந்தால் எத்தனையோ பேர் ஆசுபத்திரிக் கட்டிலிலேயே சாகிறார்கள். காரில் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று லயத்து வீடுகளில் இருக்கிற பெரியவர்களே சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டரைத் திரும்பப் போட்டேன். சின்னத்துரை கேட்டபோது, கோளாறு சரியாகிவிட்டது என்றேன். சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். போக மனமில்லாமல்தான் போனார். நான்தான் போகச் சொன்னேன்.

கார் எப்படி ஓடியது தெரியுமா. ஐம்பதே செக்கன். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அப்படி வந்ததில்லை. ஆனால் மனிதர் ஆறாவது பீப்பாயை வலது பக்கம் சுற்றாமல் இடது பக்கம் சுற்றிவிட்டார். கணக்கில் சேராது என்று அடித்துவிட்டார்கள். லெட்சுமி நினைப்பிலேயே இருந்தேன் என்று என்னிடம் சொன்னார். மூன்று வருட வேலை ஐயா. இடது வலது பார்க்கத் தெரியாத ஒரு ஆளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன வாரம் நடந்தது. உங்கள் தீர்ப்பில் 'வாகனம் பழுதடைந்திருந்ததால் உரிய நேரத்தில் கொண்டு செல்ல இயலவில்லை' என்று இருக்கிறதாம். அதைப் படித்துவிட்டுச் சின்னத்துரை, இனி இப்படி ஆகக்கூடாது என்று காரை ஹட்டனில் ஒரு கராஜுக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. அங்கே இருக்கிற ஆள் பெரிய வித்துவான் மாதிரி கண்டென்சர் போய்விட்டது, வயர் எல்லாம் உளுத்துவிட்டது, பார்த்த ஆளுக்கு வேலை தெரியாது என்று சொல்லியிருக்கிறான். இல்லாத பழுதைக் கண்டுபிடித்திருக்கிறான். அதோடு விட்டானா? முன் பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தை எல்லாம் புத்தகப்படி திருப்பி வைத்து, காற்றை இருபத்திரண்டுக்கு இறக்கிவிட்டான். கார் இப்போது பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அசைந்து அசைந்து வருகிறது. ஸ்டோர் முற்றத்தில் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, சூசை பார்த்த வண்டி அவசரத்துக்கு உதவவில்லை என்று சோலைமலை சொன்னான். அவன் லொறி டிரைவர். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றக்கூட மறக்கிற ஆள்.

அதனால்தான் வந்தேன். பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கந்தப்பனுக்குத் தெரிய வேண்டும் என்றால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். கார் பழுதாக இருக்கவில்லை. அன்றைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று மணிக்கு லெட்சுமியை ஏற்றியிருந்தால், அவள் உடம்பு குலுங்காமல், இருபத்தைந்தே நிமிடத்தில் ஆசுபத்திரி வாசலில் இறக்கியிருப்பேன். அப்படிப்பட்ட கார் அது.